தை மாசத்துப் பலாக்கொட்டை

திபிலிசி,
8.10.2023

மாமாவுக்கு மாசாணி எழுதிக்கிறது. கையும் காலும் சொகமா வந்து சேர்ந்துட்டனுங்க. அங்க நீங்களும், எதுத்தூட்டு பக்ருன்னிசாக்காவும், வாசல்ல இருக்கற கருவேப்பிலைச் செடியும் சொகமுன்னு நெனச்சுக்கறேன்.

கோயமுத்தூர்ல ஏறி, சார்ஜாவுல எறங்கி ஏழு மணி நேரம் ஒக்காந்து, மறுக்கா ஏறி இங்க வந்தனுங்க. ஜார்ஜியான்னு நாட்டுக்குப் பேரு. இங்கத்த மெஸ் ஓனர் சென்னகிருஷ்ணன் அண்ணன் கூட்டிட்டுப் போக வந்திருந்தாருங்க. பீளமேட்டு மெஸ்ஸுல பதினோரு வருசம் பின்கட்டுல வெங்காயம் அரிஞ்சவளுக்கு, இங்க மொத்தச் சமையக்கட்டும் பொறுப்பு. டாக்டருக்குப் படிக்கற நம்மூருப் பக்கத்துப் புள்ளைங்க அறுபத்திரண்டு பேருக்கு மூணு வேளை ஆக்கோணும்.

மில்லுச் சத்தத்துல உங்க காது போனதுல இருந்து போனு நமக்கு ஒத்துவரலீங்க. மொகம் தெரியற போன்ல பேசினாலும் எம்பட ஒதட்டையே பாத்துட்டு சரி சரின்னு தலையாட்டுவீங்க. ஒண்ணும் வெளங்கியிருக்காது. காயிதந்தான் நமக்கு ஆகும்னு நீங்க சொன்னது சரிதான். லீவுக்குப் போற புள்ளைங்ககிட்டக் குடுத்தனுப்பறேன். இல்லீன்னா தபால், மூணு வாரமாகுமாம்.

நாப்பத்தஞ்சு வயசாகியும் காரமடைத் தேரைத் தாண்டி நீ எதையும் பாக்கலைன்னு நீங்கதான் தள்ளி உட்டீங்க. ப்ளேன் ஏறுறப்ப உங்க மேல கோவமா வந்துச்சு. இப்ப இல்லீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ன சாப்பிட்டீங்கன்னு ஒவ்வொரு காயிதத்துலயும் எழுதோணும். நான் இல்லைன்னா டீயும் பன்னும் தின்னே காலத்தை ஓட்டிருவீங்க.

ரோட்டுல ஓரமாப் போங்க. பின்னால ஹாரன் அடிச்சா உங்களுக்குக் கேக்காது.

மாசாணி


மேட்டுப்பாளையம்,
2.11.2023

அம்மணி மாசாணிக்கு வெள்ளியங்கிரி எழுதறது. நானும் சொகம், ஊடும் சொகம். அங்க குளிரு தாங்குதா? கம்பளி எச்சா வாங்கிக்க.

உன் காயிதம் நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. மண்டியில ஊட்டி உருளைக்கிழங்கு வரத்து ஏகமா இருக்குது. வெடியால ஆறு மணிக்குப் போய் தரம் பிரிக்க ஒக்காந்தா பொழுதோடதான் எந்திரிக்க முடியுது. கூட வேலை செய்யற சின்னான் லோடு எறக்கறப்ப ஒரு மூட்டை சரிஞ்சு அவன் கால்ல உழுந்துபோச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்ல.

சாப்பாடு கேட்டே. திங்கக்கெழமை கொள்ளுப் பருப்பு வெச்சேன், அடி புடிச்சுப்போச்சு, இருந்தாலும் தின்னுபோட்டேன். செவ்வா, புதன் ரெண்டு நாளும் தக்காளிக் கொழம்பு. வெள்ளிக்கெழமை பக்ருன்னிசா நெய்ச்சோறு குடுத்துட்டா. ஒரு நாள் பன்னு தின்னது நெசம்.

நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு. சுண்ணாம்பு பட்டிருக்கும். காரம் பட்டா எரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி பக்ருன்னிசா கையாலயே சாடை காட்டித் திட்டறா. ஒரு நாள் போகோணும்.

நீ ஊரைச் சுத்திப் பாரு. சமையக்கட்டுலயே கெடக்காதே.

வெள்ளியங்கிரி


திபிலிசி,
26.11.2023

மாமாவுக்கு மாசாணி எழுதிக்கிறது. நான் சொகம். புண்ணு ஆறிப்போச்சுங்களா? பொகையிலையை இன்னியோட உடுங்க. நைட் சிப்டுக்குத் தூங்காம இருக்கப் போட்டது, மில்லையே மூடியாச்சு, இன்னும் எதுக்குங்க?

ஊரைச் சுத்திப் பாக்கச் சொன்னீங்கல்ல, பாத்தனுங்க. இங்க ரொட்டி சுடற அடுப்பு கெணத்துக்கு ஒறை எறக்குனாப்புல இருக்குது. மாவைத் தட்டி, அந்தாளு இடுப்பு வரைக்கும் உள்ள குனிஞ்சு செவத்துல அப்பறாரு. உழுந்துருவாரோன்னு பாத்துட்டே நிக்கறேன். நம்ம கொழுக்கட்டையாட்ட ஒண்ணு இருக்குது, உள்ள கறியும் ரசமும். காம்பைப் புடிச்சுக் கடிச்சு ரசத்தை உறிஞ்சிப்போட்டு, காம்பைத் தட்டுலயே வெச்சிரோணும். எத்தனை தின்னோம்னு காம்பை எண்ணிச் சொல்றாங்க. கொத்தமல்லி நம்மூரை விட மணமா கெடைக்குது. கருவேப்பிலைதான் இல்லை. சந்தையில நானான்னு ஒரு பொம்பளை கொத்தமல்லி விக்குது. அதும்பட பாசை எனக்குத் தெரியாது, எம்பட பாசை அதுக்குத் தெரியாது. உங்ககூட இத்தனை வருசம் சாடையில பேசிப் பழகினது இங்க ஒதவுதுங்க.

ஆர்.எஸ்.புரத்துப் புள்ளை ஒண்ணு, ஹாரிகான்னு பேரு, மூணாவது வருசம் படிக்குது. அதோட அம்மா பத்மாவதி பாக்க வந்திருந்தாங்க. மொத நாள் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுட்டு, இந்தக் கைக்கு வளையல் போடோணும்னாங்க. அப்புறம் எந்த ஊரு, எந்த வளவு, ஊருக்கு உள்ளயா வெளியயான்னு கேட்டாங்க. சொன்னேன். அடுத்த நாள்ல இருந்து பழமும் ரொட்டியும் போதும்னுட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் ஹாரிகா சமையக்கட்டுக்குள்ள வந்து கீழ ஒக்காந்து, எம்பட தட்டை இழுத்து வெச்சுச் சாப்பிட்டா. நான் இன்னொரு கரண்டி சோறு வெச்சேன்.

சிறுசுக சிலது அக்காங்கறதை உட்டுட்டு அம்மான்னு கூப்படறாங்க. மொத தடவை கேட்டப்ப ஆரைக் கூப்படறாங்கன்னு திரும்பிப் பாத்தனுங்க.

எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ இதோட வெச்சிருக்கறேன். நான் நடுவுல நிக்கறேன். சாப்பிட்டதை எழுதுங்க.

மாசாணி


மேட்டுப்பாளையம்,
3.1.2024

அம்மணிக்கு வெள்ளியங்கிரி. சொகம். நீயும் சொகமா இருக்கோணும்.

பதிலுக்கு நாளாயிப்போச்சு. கையெழுத்து கோணலா இருந்தா குளிருன்னு நெனச்சுக்க. மலையில இருந்து இந்த வருசம் பனி எச்சா எறங்குது. புண்ணு ஆறிப்போச்சு. பொகையிலையை உட்டாச்சு, இது சத்தியம்.

சாப்பாடு. ஞாயித்துக்கெழமை அரிசிம்பருப்புச் சோறு. பூண்டை நறுக்காம முழுசாப் போட்டு, எறக்கறப்ப நெய் ஊத்தி, கூட கத்திரிக்காய் பொரியல். சோறு கொழையாம, அதே நேரத்துல உதிரியாவும் இல்லாம இருந்துச்சு. மேல தயிரு. திங்கக்கெழமை பிழிஞ்ச சந்தகை. பாதிக்குத் தேங்காப்பாலு, மீதிக்கு எலுமிச்சை. புதங்கெழமை செலவு ரசம். அதுல சீரகமும் மொளகும் அம்மியில தட்டுனதால வாசம் தெருமுக்கு வரைக்கும் போச்சு. வெள்ளிக்கெழமை பச்சைப்பயறு கடைஞ்சு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு கம்பஞ்சோறு. வெங்காயம் கடிக்கறப்ப அந்தச் சத்தம் எனக்குக் காதுல கேக்கலைன்னாலும் தாடையில கேக்கும், தெரியுமா?

போட்டோவைச் செவத்துல ஒட்டி வெச்சிருக்கறேன்.

வெள்ளியங்கிரி


திபிலிசி,
16.1.2024

மாமாவுக்கு மாசாணி எழுதிக்கிறது. சொகந்தானுங்க. நேத்து பனி கொட்டக் கொட்ட பொங்கல் வெச்சோம். வாசல்ல அடுப்பு நிக்கல, சமையக்கட்டு ஜன்னலைத் தொறந்து வெச்சு பொங்கலோ பொங்கல்னு கத்துனாங்க. பக்கத்துக் கட்டடத்துப் பொம்பளை சண்டைன்னு நெனச்சு எட்டிப் பாத்துச்சு. அதுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தோம்.

கார்த்திகையில இருந்து நாலு காயிதம் போட்டனுங்க. ஒண்ணுக்குத்தான், லீவு முடிஞ்சு வந்த புள்ளை கையில, பதில் வந்துச்சு. அதும் முழுக்கச் சாப்பாடாவே இருந்துச்சு. நல்லா சாப்படறீங்கன்னு சந்தோசந்தான். ஆனா மண்டியைப் பத்தி ஒரு வரி இல்லை. சின்னான் என்ன சொன்னான், காய் வெலை என்னன்னு எழுதாத ஆளா நீங்க? பக்ருன்னிசாக்காவுக்கு போன் போட்டா, நல்லா இருக்காரு நல்லா இருக்காருன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு அடுப்புல பாலுன்னு வெச்சிடறா.

ஹாரிகா லீவுக்கு வருது. நம்மூட்டுக்கு வந்து உங்களைப் பாக்கறேன்னு சொல்லியிருக்குது. அக்ரூட்டை நூல்ல கோத்து திராட்சைப் பாகுல முக்கிக் காயப்போட்ட மாலை ரெண்டு குடுத்தனுப்பறேன். மெல்லக் கடிச்சுத் தின்னுங்க.

மாசாணி


மேட்டுப்பாளையம்,
9.2.2024

அம்மணிக்கு வெள்ளியங்கிரி. சொகம்.

அந்தப் புள்ளை வந்துச்சு. அது கையிலயே இதைக் குடுத்தனுப்பறேன். நல்ல புள்ளை. அக்ரூட்டு மாலை ரெண்டு நாள்ல தீந்துபோச்சு. இனிப்பும் துவர்ப்புமா, நம்ம நாவப்பழம் தின்னாப்புல நாக்கு கொஞ்சம் இழுத்துச்சு.

மண்டியில வேலை கம்மி, அதனால எழுதல. நேத்து பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்டுப் புளிக்கொழம்பு. கொட்டை மாவாட்ட வெந்திருந்துச்சு. கொழம்பு சுண்டி ஓரத்துல எண்ணெய் நின்னுச்சு. மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஓனர் பேசின ரெண்டு வருசம் முடிஞ்சு மூணாவது வருசமும் இருக்கச் சொன்னா இரு. இங்க ஒண்ணும் அவசரமில்ல.

வெள்ளியங்கிரி


திபிலிசி,
25.2.2024

மாமா,

தை மாசத்துல ஏதுங்க பலாக்கொட்டை? மண்ணுல பொதைச்சு வெச்சாலும் கார்த்திகைக்கு மேல தாங்காது. மூணு தடவை சோறு வாங்கினேன்னு எழுதியிருக்கீங்க. ஆருகிட்ட வாங்கினீங்க? அந்தக் கொழம்பு போன ஆனி மாசம் நான் வெச்சது. அன்னிக்கு நீங்க மூணு தடவை சோறு கேட்டீங்க.

மார்கழியில எழுதின காயிதத்தையும் எடுத்துப் படிச்சனுங்க. எல்லாம் நான் ஆக்கினது. செலவு ரசத்துக்கு அம்மியில தட்டறது எம்பட பழக்கம். நீங்க அம்மி தொட்டதே இல்லை.

ஹாரிகாவைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டேன். சொல்லமாட்டேன்னு உங்களுக்கு வாக்கு குடுத்ததாச் சொன்னா. ஆப்பம் சுடற சட்டியை அடுப்புலயே வெச்சுட்டு அவ முன்னால ஒக்காந்துட்டேன். கருகற வாசம் வந்துச்சு, ரெண்டு பேரும் எந்திரிக்கல. அப்புறந்தான் சொன்னா. மூக்குல கொழாயோட இருக்கீங்கன்னு. பேச முடியலைன்னு. அக்ரூட்டு மாலையைக் கையில வாங்கி மோந்து பாத்துட்டு, பக்ருன்னிசாக்கா ஊட்டுக்குக் குடுத்துட்டீங்கன்னு.

பக்ருன்னிசாக்காவுக்கு போன் போட்டேன். பிடிவாதமா எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு, நான் என்ன பண்ணட்டும்னு அழுதா.

பாஸ்போர்ட்டை விசா வேலைக்குக் குடுத்திருக்குதுங்க. கைக்கு வர்ற அன்னிக்கே டிக்கெட் போடச் சொல்லிட்டேன். அதுக்குள்ள நெசத்தை நெசமா எழுதுங்க. ஏன் மறைச்சீங்கன்னு எழுதுங்க.

மாசாணி


மேட்டுப்பாளையம்,
20.3.2024

அம்மணி மாசாணிக்கு வெள்ளியங்கிரி எழுதறது. சொகமுன்னு எழுத இனி வழியில்ல.

நடந்ததைச் சொல்லிப்போடறேன். கார்த்திகைல பக்ருன்னிசாவும் அவ ஊட்டுக்காரரும் ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சதையைக் கிள்ளிப் பரிசோதனை பண்ணினாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு டாக்டரம்மா காயிதத்துல எழுதிக் காட்டினாங்க. புற்றுன்னு இருந்துச்சு. மறுக்கா மறுக்கா படிச்சேன். மார்கழி நாலாந்தேதி ஆபரேசன். நாக்குல முக்காவாசி போச்சு. அப்புறம் முப்பது நாள் கரண்டு வெச்சாங்க, கதிருன்னு சொல்றாங்களே அது. வாயால ஒண்ணும் எறங்காது. பாலு, கஞ்சித்தண்ணி, முட்டை அடிச்சது, எல்லாம் கொழாயில பக்ருன்னிசா ஊத்துவா. வயிறு நெறையறது தெரியுது. என்ன தின்னோம்னு தெரியறதில்ல. இப்பக் கழுத்துல மறுக்கா கட்டி வந்திருக்குது.

ஏன் மறைச்சேன்னு கேட்டே. நமக்குப் புள்ளையில்லைன்னு ஊரு சொன்னதை எல்லாம் நீ ஒருத்தியாவே வாங்கிக்கிட்டே. உங்களுக்குக் காது போனது ஒரு வகையில நல்லதுங்கன்னு ஒரு நாள் வெரல்ல எழுதிக் காட்டினே. அந்தப் போட்டோ வந்தது, டாக்டரம்மா எழுதிக் காட்டின மறுவாரம். அத்தனை புள்ளைங்களுக்கு நடுவுல நிக்கிறே. அப்படி நீ சிரிச்சு நான் நம்மூட்டுல பாத்ததில்ல. அங்கிருந்து உன்னைய எப்படிக் கூப்படறது?

சாப்பிட்டேன்னு எழுதினது பொய்தான். ஆனா உன்னைய ஏமாத்த மட்டும் எழுதல. செலவு ரசமுன்னு எழுதினா வாயில ருசி வருது, அம்மணி. இல்லாத நாக்குல. டாக்டரம்மாகிட்ட எழுதிக் கேட்டேன், அப்படியும் ஆகும்னாங்க. உனக்குக் காயிதம் எழுதற நாள்தான் நான் சாப்படற நாளு.

வராதேன்னு எழுதோணும்னுதான் பேனாவை எடுத்தேன். எழுத முடியல. வா.

வெள்ளியங்கிரி


திபிலிசி,
18.4.2024

மாமாவுக்கு மாசாணி எழுதிக்கிறது.

பாஸ்போர்ட் வந்திருச்சுங்க. இருபத்தேழாந்தேதி ப்ளேன். இந்தக் காயிதத்துக்கு முன்னால நானே வந்துருவேன், தெரியும். இருந்தாலும் எழுதாம இருக்க முடியல.

புள்ளைங்ககிட்டச் சொன்னேன். பரிட்சை நேரம், ஆரும் சாப்பாட்டைப் பத்திக் கேக்கல. ஹாரிகா மூக்குக் கொழாயில எதை எப்படிக் கரைச்சு ஊத்தோணும்னு நோட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கறா. கொத்தமல்லி விக்கற நானா கிட்ட சாடையில சொன்னேன். வெளங்கிருச்சு. கொத்தமல்லிக் கட்டைக் கையில திணிச்சு, எம்பட தலையைப் புடிச்சு நெத்தியில முத்தம் குடுத்துச்சு.

உங்க மேல கோவம் போகலீங்க. வந்து வெச்சுக்கறேன். மூச்சை மட்டும் விட்டுறாதீங்க.

மாசாணி


திபிலிசி,
27.6.2024

அன்புள்ள மாசாணியக்காவுக்கு ஹாரிகா எழுதுவது. உடம்பைப் பாத்துக்கறீங்களா, நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?

மாமா தவறிப்போன செய்தி வந்த அன்னிக்கு மெஸ்ல எல்லாரும் இருந்தோம். எனக்குக் குற்ற உணர்ச்சி போகலை, அக்கா. பிப்ரவரியில வந்து இறங்கினதும் உங்ககிட்டச் சொல்லியிருந்தா, உங்களுக்கு இன்னும் ரெண்டு வாரமாவது கெடைச்சிருக்கும். அவர் எங்கிட்ட நோட்டுல எழுதிக் காட்டினார்: 'அவ ஒரு வருசமாவது இருக்கட்டும்.' அதைப் படிச்சதுக்கு அப்புறம் என்னால சொல்ல முடியல.

இன்னொண்ணும் இருக்கு. மெஸ் தபால் பெட்டியில மின்சாரக் கட்டணத் தாளுக்கு நடுவுல மாமா கையெழுத்துல உங்களுக்கு ஒரு கடிதம். ஏப்ரல் 22 முத்திரை. நீங்க கெளம்பின பிறகு வந்திருக்கு. நான் பிரிக்கலை. பதிவுத் தபால்ல அனுப்பட்டுமா?

இப்போதைக்கு வந்திருக்கற சமையல்காரர் நல்லவர்தான். சென்னகிருஷ்ணன் அண்ணன் உங்க எடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கலைன்னு சொல்லச் சொன்னார். இதை உங்களைக் கட்டாயப்படுத்த எழுதலை.

ஹாரிகா


மேட்டுப்பாளையம்,
21.7.2024

ஹாரிகா கண்ணுக்கு மாசாணி எழுதறது. நான் நடமாடிட்டு இருக்கறேன். நீ நல்லாப் படி, தலைக்கு எண்ணெய் வை.

உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவரு வாக்கு வாங்கினா ஆரும் மீற முடியாது. பக்ருன்னிசாக்காவும் இதையே சொல்லி அழுகறா. ரெண்டு பேரும் நிறுத்துங்க.

முப்பத்தஞ்சு நாள் அவருகூட இருந்தேன். வந்த அன்னிக்கு என்னைய அடையாளம் தெரியாதவராட்ட பாத்தாரு. அப்புறம் செவத்துப் போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, நீ எளைச்சுட்டேன்னு கையைக் காட்டினாரு. இருபது கிலோ கொறைஞ்ச ஆளு என்னைய எளைச்சுட்டேங்கறாரு. கோவிச்சுக்கோணும்னு வந்தவ, அங்கயே ஒக்காந்து சிரிச்சுப்போட்டேன். அழுததெல்லாம் அப்புறந்தான்.

அவரால பேச முடியாது, நான் பேசினா அவருக்குக் கேக்காது. ஒரு நோட்டு வாங்கி, ஒரே கட்டல்ல ஒக்காந்துட்டு மாத்தி மாத்தி எழுதிக்கிட்டோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல பேசாததையெல்லாம் எழுதினோம். அவரு கொழாயில குடிக்கறப்ப நான் ஆக்கித் திங்கக் கூடாதுன்னு மொத நாள் அடுப்பே பத்த வெக்கல. அவரு கோவமா எழுதினாரு, 'ஆக்கு. என் முன்னால ஒக்காந்து தின்னு.' அப்புறம் தெனமும் ஆக்கினேன். கட்டலைச் சமையக்கட்டு வாசல்ல போட்டுக்கிட்டு, தாளிக்கற சத்தம் கேக்காட்டியும் தாளிக்கறதைப் பாத்துட்டு இருப்பாரு. நான் திங்கறதையும் பாப்பாரு. ஒரு வாய் உள்ள போறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோத்தை மோந்து பாத்துட்டு உப்பு எச்சுன்னு எழுதினாரு. தின்னு பாத்தேன். எச்சுத்தான்.

ஜூன் ஒண்ணாந்தேதி வெடியால போயிட்டாரு. எம்பட மடியிலதான். முந்தின நாள் பொழுதோட அந்த ஊரு ரொட்டி அடுப்பைப் படம் போட்டுக் காட்டச் சொன்னாரு. எனக்குப் படம் வராது. கெணறாட்ட ஒண்ணு போட்டு, உள்ள ஒரு ஆளு தலைகீழாக் குனியறாப்புல போட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'உழமாட்டானா?'ன்னு எழுதினாரு. உழமாட்டான்னு எழுதினேன். அதுதான் கடைசி.

சாமி கும்பிட்டுப் படைக்கற அன்னிக்கு அவருக்குப் புடிச்சதை ஆக்கச் சொன்னாங்க. எதைன்னு ஆக்கறது? பதினேழு வகை ஆக்கினேன். எலையில எடம் பத்தாம ரெண்டு எலை போட்டோம்.

சொந்தக்காரங்க இனி எதுக்கு அந்தக் கண்காணாத ஊருன்னு சொல்றாங்க. தனிப் பொம்பளைக்கு இங்க என்ன பஞ்சம்னு கேக்கறாங்க. திங்கறதுக்கு ஆளில்லாத ஊட்டுல ஒரு கையளவு அரிசி போட்டு எறக்கிப் பாத்தேன், கண்ணு. அளவு வரல. எப்பவும் எச்சாப் போயிருது. சென்னகிருஷ்ணன் அண்ணங்கிட்டப் பேசிட்டேன். ஆகஸ்ட் பதினெட்டு வாரேன்.

அந்தக் காயிதத்தை அனுப்ப வேண்டாம். வழியில தொலைஞ்சாலும் தொலையும். பிரிக்காம எம்பட ரூமுல தலைமாட்டுல வெச்சிரு. என்ன எழுதியிருப்பாருன்னு படுத்துட்டு யோசிக்கறேன். நான் வர்ற தேதி அவருக்கு அப்பத் தெரியாது. கொழாயைப் பத்தி எழுதினாரா, இல்லை மறுக்கா எதையாச்சும் சாப்பிட்டேன்னு எழுதினாரான்னு தெரியல. இத்தனை நாள் ஒரே கட்டல்ல ஒக்காந்து எழுதியும் அப்படி ஒரு காயிதம் போட்டதை அவரு சொல்லவே இல்லை.

வந்தாலும் ஒடனே பிரிப்பனான்னு தெரியல. அது பிரிக்காம இருக்கற வரைக்கும், அவரு எங்கிட்ட இன்னும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்குது.

புள்ளைங்களைக் கேட்டேன்னு சொல்லு.

மாசாணி